ஸ்டெடி என்று யாரைச் சொல்வது

பினாங்கில் ஒருவரைப் பாராட்ட நாங்கள் நீளமாகப் பேசுவதில்லை. "ஸ்டெடி லா" என்போம், முடிந்தது. தைப்பூசத்தன்று பெரிய காவடியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் முனகாமல் ஏறுகிறவன் ஸ்டெடி. கல்யாணச் சாப்பாட்டில் உப்பும் காரமும் சரியாக இருந்தால் சமையல்காரர் ஸ்டெடி. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற பையனைப் பார்த்து அவனுடைய கூட்டாளிகள் கட்டைவிரலைத் தூக்கி "ஸ்டெடி" என்பார்கள். சட்டையில் அப்படி என்ன கண்டார்களோ, அவர்களுக்குத்தான் தெரியும். மருத்துவமனைக்குப் போனால் அதே சொல்லுக்கு வேறு முகம். "கண்டிஷன் ஸ்டெடி" என்று டாக்டர் சொன்னால், குணமாகவில்லை, மோசமாகவும் இல்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று பொருள். மாப்பிள்ளை பேச வருகிறவர்கள் "ஸ்டெடியான பையன்" என்றால், குடிக்கமாட்டான், வேலையை அடிக்கடி மாற்றமாட்டான், பேச்சும் கொஞ்சம் குறைவுதான் என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கெல்லாம் தாராளமாக வழங்கப்பட்ட இந்தச் சொல்லை என் பக்கம் மட்டும் யாரும் நீட்டியதில்லை. எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். வேகமாக நடப்பேன், வேகமாகப் பேசுவேன், கழுவும்போது கண்ணாடி டம்ளர்களை உடைப்பேன். "அண்ணி நல்லவங்க லா, ஸ்டெடி மட்டும் பத்தாது" என்று என் கொழுந்தன் எந்தக் குடும்ப விருந்திலும் சொல்லத் தவறமாட்டார். என் கணவரின் ஒரே தம்பி அவர். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் இரண்டு பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன்.

என் கணவர் வேறு ரகம். கல்யாணத்துக்கு முன்னால் நான் சுங்கை பினாங்கிலிருந்து ஜுருவில் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தேன். கடலுக்கு மேல் பெரிய பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். எங்களை ஏற்றிக்கொண்டு போகத் தொழிற்சாலைப் பேருந்துகள் வரும். அவற்றில் ஒன்றை ஓட்டியவர்தான் பிறகு என் கணவரானார். மற்ற ஓட்டுநர்களின் பேருந்தில் வேலை முடிந்து திரும்பும்போது எங்கள் தலை ஜன்னல் கண்ணாடியில் போய்ப் போய் இடிக்கும். இவர் பேருந்தில் ஏறினால் பாலம் வருவதற்குள் கண் சொக்கிவிடும். பிரேக் போட்டது தெரியாது. மேட்டில் நிறுத்தி எடுத்தாலும் உடம்பு ஒரு குலுங்கு குலுங்காது. வேலை செய்த அலுப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவோம். இறங்க வேண்டிய இடம் வந்ததும் விளக்கைப் போட்டு, "சுங்கை பினாங், சுங்கை பினாங்" என்று மெதுவாகச் சொல்வார். கத்தி எழுப்பமாட்டார்.

அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது, பையனைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று என்னைக் கேட்டார்கள். "அவரு ஓட்டுனா எனக்குத் தூக்கம் வருது" என்றேன். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய முகத்தைக்கூட அப்போது நான் சரியாகப் பார்த்ததில்லை, பின்கழுத்துதான் தெரியும். ஆனாலும் அந்த ஆளை நம்பலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் மற்றவர் ஓட்டும் வண்டியில் கண்ணை மூடவேமாட்டார். ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்காகப் பேருந்தில் போனோம். எல்லாரும் குறட்டை விட, இவர் மட்டும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் தரையை அமுக்கி அமுக்கிப் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். "அங்க என்னா இருக்கு, ஏன் மிதிக்கிறீங்க?" என்று கேட்டேன். "அவன் போடமாட்டேங்கிறான், நான் போடுறேன்" என்றார்.

அப்படிப்பட்டவருக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து, அது முதலில் கண்ணைப் பிடித்தது, பிறகு சிறுநீரகத்தைப் பிடித்தது. இடது கண் மங்கியதும் இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருடமே டயாலிசிஸ். ஒருநாள் விட்டு ஒருநாள் சென்டருக்குப் போய், ஊசி குத்திக்கொண்டு, இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். எங்கள் பழைய கார் அடுக்குமாடியின் கீழே புறா எச்சத்தோடு நின்றது. எங்களுக்கு ஒரே மகள், அவள் தூரத்தில், ஜொகூரில் குடும்பமாக இருக்கிறாள். அதனால் அண்ணனைக் கொண்டுபோய் விடுகிற வேலை கொழுந்தன் தலையில் விழுந்தது.

கொழுந்தன் கெட்டவர் இல்லை. ஜுருவில் கார் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவர், காலையில் அண்ணனை இறக்கிவிட்டுப் பாலத்தைத் தாண்டி ஓடுவார், மதியம் அனுமதி கேட்டுத் திரும்பி ஓடிவருவார். முணுமுணுக்காமல்தான் செய்தார். ஆனால் களைப்பு முகத்தில் தெரியுமே. என் கணவர் அந்த முகத்தை ஒவ்வொரு முறையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். வாடகைக் காரில் போகலாம் என்றால், ஒருமுறை திரும்பி வரும்போது அதில் வாந்தி எடுத்துவிட்டார். அந்த ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. இவர்தான் வெட்கத்தில் குறுகிப்போய், இனி முன்பின் தெரியாதவன் வண்டியில் ஏறமாட்டேன் என்றுவிட்டார்.

ஒருநாள் சென்டரிலிருந்து தாதி போன் செய்தாள். "ஆன்டி, அங்கிள் ஏன் வர்றதில்ல? இந்த வாரம் ரெண்டாவது தடவ."

எனக்குப் புரியவில்லை. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. தம்பியிடம், "சென்டர்ல டைம் மாத்திட்டாங்க, நாளைக்கு வரவேணாம்" என்று சொல்லியிருக்கிறார். என்னிடம், "தம்பிக்கு லீவு கெடைக்கல, சென்டர்ல சொல்லியாச்சு, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லியிருக்கிறார். வாழ்க்கை முழுவதும் ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர், சாவதற்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். போனை வைத்துவிட்டுப் போய் அவர் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது.

"எத்தன நாளைக்கு அவன் ஓடுவான்?" என்றார். "அவனுக்கும் வேல இருக்கு லா."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விரும்பவில்லை. கத்தி முடித்ததும் பயம் வந்தது. அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. இந்த மனிதர் யாருக்கும் தொந்தரவு இல்லாமல், பிரேக் போட்டது தெரியாமல் நிறுத்துவதுபோல, தன்னையே நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறார் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே கீழே போய்ப் புறா எச்சத்தைக் கழுவினேன். காரை நான் ஓட்டப்போகிறேன் என்று சொன்னேன்.

யாரும் நம்பவில்லை. "அண்ணி, மோட்டார் சைக்கிள்கூட ஓட்டினதில்லையே நீங்க" என்றார் கொழுந்தன். "ரோட்டுல எவனாச்சும் ஹாரன் அடிச்சா எறங்கிப்போய்ச் சண்ட போடுவீங்க. காடி ஓட்ட ஸ்டெடி வேணும்." மகள் போனில், "அம்மா, ஆட்டோ கியர் லைசென்ஸ் மட்டும் எடு, ஈசி" என்றாள். ஆனால் எங்கள் கார் கையால் கியர் போடுகிற கார். அதை விற்று வேறு வாங்குவதற்குள் இங்கே ஒருவரின் காலில் இன்னும் எவ்வளவு நீர் கோத்திருக்குமோ. அந்தக் காரைத்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரிடம் ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். எனக்கு லைசென்ஸ் வரும்வரை, தம்பி வர முடியாத நாளில் என்னோடு பஸ்ஸில் வர வேண்டும். வேண்டாம் என்று தலையாட்டினார். "வரலைன்னா நானும் ரத்தக்கொதிப்பு மாத்திரைய நிறுத்துறேன்" என்று மாத்திரை டப்பாவை மேசைமேல் வைத்தேன். நான் சொன்னதைச் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். பஸ்ஸில் வந்தார். நிறுத்தத்திலிருந்து சென்டர்வரை கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போவேன். வெயிலில் நின்று நின்று போக வேண்டியிருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அவருடைய வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது.

ஓட்டுநர் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனர். என்னைவிட இளையவர். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாக்கியத்துக்குள் போட்டுவிடுவார். ஆனால் அவர் அதிகமாகப் பயன்படுத்திய சொல் ஒன்றே ஒன்றுதான். "ஆன்டி, ஸ்டெடி. ஸ்டெடி, ஆன்டி. ஆன்டி! ஸ்டெடி!" முதலில் மெதுவாக ஆரம்பிக்கும், மூன்றாவது வரும்போது அவர் கை டேஷ்போர்டைப் பிடித்திருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டெடியாக இரு என்று சொன்னால் ஆகிவிடுகிற காரியமா அது? உயரமாக இரு என்று சொல்வதுதானே!

தேர்வில் எல்லாரையும் கவிழ்ப்பது மேடு. தேர்வுத் திடலில் சிமெண்டால் ஒரு மேடு கட்டியிருப்பார்கள். அதில் பாதி ஏறி, மஞ்சள் கோட்டுக்குள் காரை நிறுத்த வேண்டும். பிறகு பின்னால் உருளாமல் எடுத்து மேலே போக வேண்டும். உருண்டால் போச்சு. கைபிரேக்கை விடுவதற்கு முன்னால் கிளட்சைப் பாதி விட்டு, எண்ணெயை, அதாவது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து, வண்டி அந்த இடத்திலேயே திமிறிக்கொண்டு நிற்கும்படி செய்ய வேண்டும். அதற்குப் பெயர் ஹாஃப் கிளட்ச். நான் கிளட்சை ஒரேயடியாக விடுவேன், இஞ்சின் செத்துவிடும். அமுக்குவேன், வண்டி பின்னால் போகும். சீனர் வாய்க்குள் ஏதோ கடவுளைக் கூப்பிடுவார். அந்தக் கடவுள் எந்த மதம் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பல வாரம் கழித்து ஒருநாள் அது பிடிபட்டது. மேட்டில் கார் நிற்கிறது. பிரேக் இல்லை, கைபிரேக்கும் இல்லை. என் இடது பாதத்துக்கடியில் வண்டி முழுவதும் லேசாக நடுங்கியது. சரிவு பின்னால் இழுத்தது, இஞ்சின் முன்னால் இழுத்தது, இரண்டும் சமமாக இருந்ததால் வண்டி நின்றது. ஸ்டெடி என்றால் ஆட்டம் அசைவு இல்லாமல், எதுவும் உறைக்காமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படிப் பார்த்தால் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் நடுக்கத்தோடு நிற்கிறதும் ஸ்டெடிதான் என்றால், நான் இத்தனை வாரமும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். சீனர் திரும்பிப் பார்த்தார். டேஷ்போர்டைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தேர்வு நாள் காலையில் கொழுந்தன் குளித்து நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். தண்ணீர்மலைக்குப் போய் முருகன் பாதத்தில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார். வருஷா வருஷம் காவடி எடுக்கிறவர் அவர். புதுக் கார் வாங்கினாலும், பழைய காருக்குப் புதுச் சக்கரம் போட்டாலும் எங்கள் ஆட்கள் எலுமிச்சம்பழம் இல்லாமல் நகரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். "முன்னால வச்சிக்குங்க அண்ணி. அப்பன் பாத்துக்குவாரு" என்றார். என்னை நம்பாத மனிதர், எனக்காக விடிவதற்கு முன்னே மலை ஏறி இறங்கியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

என் முறை வந்ததும் பள்ளியின் காரில் ஏறி, பழத்தைக் கண்ணாடிக்கு அடியில், டேஷ்போர்டின் மேல் வைத்தேன். சமதரையில் அது பிள்ளையார்போல அசையாமல் உட்கார்ந்திருந்தது. மேட்டில் ஏறினேன். மஞ்சள் கோட்டுக்குள் அழகாக நிறுத்தினேன். கிளட்சைப் பாதி விட்டேன், வண்டி நடுங்கிக்கொண்டு நின்றது, கைபிரேக்கை இறக்கினேன். எல்லாம் சரி. அப்போதுதான் பழம் கிளம்பியது.

கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, உருண்டையான பழம் என்ன செய்யும்? மெதுவாக என்னை நோக்கி உருண்டு வந்தது, விளிம்பில் ஒரு நொடி யோசித்தது, பிறகு நேராக என் இடது பாதத்தின்மேல் விழுந்தது. முருகன் பாதத்தில் இருந்த பழம் என் காலில் படுகிறதே என்று பதறி, காலை இழுப்பதற்குப் பதிலாகக் கிளட்சை முழுதாக அமுக்கிவிட்டேன். கார் பின்னால் உருண்டு இறங்கியது. விசில் ஊதினார்கள்.

மலாய்க்கார அதிகாரி வந்து கதவைத் திறந்தார். பழம் உருண்டு அவர் காலணிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆன்டி, இது என்ன?" என்று மலாயில் கேட்டார். எலுமிச்சம்பழம் என்றேன். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். "அடுத்த தடவை பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அழுகைதான் ஜெயித்தது.

வீட்டுக்கு வந்தால் கொழுந்தன் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பழம் கால்லயா விழுந்துச்சு?"

"ஆமா."

"அண்ணி, இதுக்கு மேல என்னா வேணும்? அப்பனே வேணாம்னு சொல்லிட்டாரு. தானா வந்து கால்ல விழுது, இனிமே ஓட்டாதன்னு. விட்டுடுங்க அண்ணி. நான் இருக்கேன் லா. நான் கொண்டுபோறேன் அண்ணன."

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஏமாற்றம் இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். நிம்மதி இருந்தது. இனி யாரும் தனக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை, முருகனே முடித்து வைத்துவிட்டார் என்கிற மாதிரியான நிம்மதி. அதைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது.

பழத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். நன்றாகக் கழுவினேன். கத்தியை எடுத்து இரண்டாக நறுக்கினேன்.

"அண்ணி! என்னா செய்றீங்க? சாமி பழம்!"

"சாமி பழந்தான். யாரு இல்லன்னா?"

டம்ளரில் பிழிந்தேன். ஐஸ் போட்டேன். இங்கே கடைகளில் எலுமிச்சை நீரில் போடுகிற அந்த உப்பு ஊறிய பிளம், அசாம்போய் என்போமே, அதில் இரண்டைப் போட்டுக் கலக்கினேன். கணவருக்குத் தண்ணீரே அளந்துதான் கொடுக்க வேண்டும், அதனால் அவருக்கு இல்லை. கொழுந்தனுக்கு நீட்டினேன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சரி என்று நானே கூடத்தின் நடுவில் நின்று முழு டம்ளரையும் குடித்தேன். புளிப்பில் கண் சுருங்கியது.

"முருகன் குடுத்தது இனிமே என் வயித்துல இருக்கட்டும்" என்றேன். "அங்கேருந்து உருளாது."

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சுத் திணறல் என்று பயந்து ஓடினேன். சிரிப்பு. டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. இருமிக்கொண்டே சிரித்தார், ஒற்றைக் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அவரும் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"கேட்டுக்குங்க" என்றேன் அவர்கள் இருவரிடமும். "வேணாம்னு சொல்றதுன்னா முருகன் மேட்டுக்குக் கீழேயே சொல்லியிருப்பாரு. மேல ஏத்திவிட்டு, நிறுத்தவும் வச்சு, அதுக்கப்புறமா சொல்வாரு? பழத்தத் தப்பான எடத்துல வச்சது நான். திரும்ப எழுதுவேன். திரும்பத் தோத்தா அதுக்கப்புறமும் எழுதுவேன். அதுவரைக்கும் பஸ்ஸு."

மறுதேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். இடையில் மழைக்காலம் வந்துவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்போம். அவர் நனைந்த கால்சட்டையோடு சென்டருக்குள் போவார். தாதி துண்டு கொண்டுவந்து கொடுப்பாள். சென்டருக்கு வரமாட்டேன் என்று அவர் அதற்கப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் நான் இடது பாதத்தைத் தரையில் வைத்து மெதுவாகத் தூக்கிப் பழகுவேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால், எதிரே அவர் தன் பாதத்தையும் அதே மாதிரி தூக்கிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது தேர்வுக்குக் கொழுந்தன் லீவு போட்டுவிட்டு வந்தார். உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்றார். கை சட்டைப்பையின்மேல் இறுக்கமாக இருந்தது. "இந்தவாட்டி பழம் என் பாக்கெட்டுல, அண்ணி" என்றார். "நான் புடிச்சிக்கிறேன், நீங்க போங்க."

மேட்டில் ஏறினேன். நிறுத்தினேன். வண்டி என் பாதத்துக்கடியில் நடுங்கியது, நானும் நடுங்கினேன். இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டே மேலே போய்விட்டோம். பார்க்கிங்கும் முடிந்தது, சாலைத் தேர்வும் முடிந்தது. சாலையில் ஒருவன் ஹாரன் அடித்தான், நான் இறங்கவில்லை. வெளியே வந்ததும் கொழுந்தன் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு வேலி ஓரமாக ஓடிவந்தார். "ஸ்டெடி லா அண்ணி! ஸ்டெடி!" இத்தனை வருடம் காத்திருந்த சொல். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வீட்டில் இருந்தார்.

அவரோ சொல்லவில்லை. முதல் நாள் காரில் ஏறியதும் இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்தார். வழி முழுக்க வலது கால் தரையை அமுக்கியது. நான் பார்க்காததுபோல் ஓட்டினேன். அடுத்த முறையும் அப்படியே. மழையில் ஒருநாள், நெரிசலில் ஒருநாள். மற்ற ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்வதுபோல என்னிடம் ஒரு குறை சொல்லவில்லை, ஒரு பாராட்டும் இல்லை. கால் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும் என்று வைத்துக்கொண்டு ஓட்டுவேன். ஒருநாள்கூட அவர் சென்டருக்குப் போகாமல் இருக்கவில்லை, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். காலில் வீக்கம் வடிந்திருந்தது. நாலு வார்த்தை பேசி, ஐந்தாவதும் பேச முடிந்தது.

சென்டர் இருக்கும் கட்டடத்தில் கார்களை மாடியில் நிறுத்த வேண்டும். சுற்றிச் சுற்றி மேலே ஏறும் சரிவுப் பாதை. போன வாரம் ஒரு காலை, அந்தச் சரிவின் நடுவில் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. மேலே தடுப்புக் கம்பி திறக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு வேன், பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பெரிய கார். தேர்வுத் திடலின் மேட்டைவிட இது செங்குத்து. கைபிரேக்கை இழுத்துவிட்டு, முன்னால் வண்டி நகரும்வரை காத்திருந்தேன்.

இடது பக்கம் திரும்பி அவர் காலைப் பார்த்தேன். எவ்வளவு அழுத்தமாக மிதிக்கிறார் என்று பார்க்கத்தான். கால் மிதிக்கவில்லை. பாதம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முகத்தைப் பார்த்தேன். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது.

டயாலிசிஸ் முடிந்து வரும்போது என்றால் அசதி என்று சொல்லலாம். இது போகும் வழி.

முன்னால் வேன் நகர்ந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், மறுபடியும் அடித்தான். அடித்துக்கொள்ளட்டும். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன், வண்டி நடுங்கி நிலைத்தது, கைபிரேக்கைச் சத்தமில்லாமல் இறக்கினேன். தலை கண்ணாடியில் இடிக்காமல் மேலே ஏறினோம். வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்த பிறகும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, உள்விளக்கைப் போட்டு, "சென்டர் வந்துருச்சுங்க, சென்டர்" என்று மெதுவாகச் சொன்னேன்.